நம்ம கம்மாய்க்கு யார் சேஃப்டி கன்சல்டன்ட்?

1/
முழுப் பரீட்சை முடியப் போகிறது. இன்னும் சில நாளில் பிள்ளைகளுக்கு லீவு. வெயில் ஏற ஏற கம்மாய், கிணறு, குவாரி, பண்ணைக்குட்டை என்று தண்ணி எங்கே கிடக்கிறதோ அங்கே போய் நிற்பார்கள்.

அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிற எங்களுக்கு ஏப்ரல், மே வந்தாலே வயிற்றில் ஒரு கலக்கம் இருக்கும். ஈரத் துணியோடு ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யாராவது ஓடி வருவார்கள் என்கிற பயம்தான் அது.

அதைப் பற்றிய நீண்ட பதிவு இது. பொறுமையாப் படிங்க. உங்க ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்க.

2/
முதலில் ஒரு வேலையைப் பற்றிச் சொல்கிறேன். பெரிய நகரங்களில் "ஸ்விம்மிங் பூல் சேஃப்டி கன்சல்டன்ட்" என்று ஒருவர் உண்டு. தமிழில் நீச்சல் குளப் பாதுகாப்பு ஆலோசகர் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டல், அபார்ட்மென்ட், பள்ளிக்கூடம், வாட்டர் தீம் பார்க் என்று கூப்பிட்ட இடத்துக்கு வருவார். டேப், நோட்டு, பேனா, அவ்ளோதான் அவர் சாமான்.

அவர் பார்ப்பது இவைதான்:
ஆழம் எத்தனை அடி என்று கரையில் எழுதியிருக்கிறதா?
ஆழம் கூடும் இடத்துக்கு முன்னால் குறுக்கே கயிறு கட்டியிருக்கிறதா?
தண்ணி வெளியேறும் ஓட்டைக்கு மூடி சரியா இருக்கா?
சின்னக் குழந்தை தானாக உள்ளே போக முடியாதபடி வேலி, தானே மூடிக்கொள்ளும் கேட் இருக்கா?
மிதவை வளையம், நீளக் கம்பு கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கா?
காவலுக்கு நிற்பவர் தண்ணியைப் பார்க்கிறாரா, செல்போனைப் பார்க்கிறாரா?
சிபிஆர் தெரிந்த ஆள் யாராவது உண்டா?

3/
சுருக்கமாகச் சொன்னால் அவர் வேலை இதுதான்: இந்தத் தண்ணியில் ஒருத்தர் செத்தால் எப்படிச் சாவார் என்று முன்கூட்டியே யோசித்து, அந்த வழிகளை ஒவ்வொன்றாக அடைப்பது.

பிரேதப் பரிசோதனை முடித்து நாங்கள் எழுதுவதும் ஏறக்குறைய அதே கேள்விக்கான பதில்தான். அவர் முன்னாடி எழுதுகிறார், நாங்கள் பின்னாடி எழுதுகிறோம்.

4/
நீச்சல் குளங்களுக்கு இந்தக் கவனம் சும்மா வந்துவிடவில்லை. 2012 ஆகஸ்ட்டில் சென்னை கே.கே.நகரில் நான்காம் வகுப்பு படித்த ஒரு மாணவன் பள்ளி நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்தான். பயிற்சி நேரம், பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள், கூடப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அப்படியும் நடந்தது. தமிழ்நாடே கொதித்தது. வழக்கு, கைது, விவாதம் எல்லாம் நடந்தது. அதற்குப் பிறகுதான் நீச்சல் குளங்களுக்கு உரிமம், விதிமுறை, பயிற்சி பெற்ற ஆள் என்ற பேச்சே இங்கே சூடு பிடித்தது.

நல்ல விஷயம். ஆனால் கந்தர்வக்கோட்டையில் எத்தனை நீச்சல் குளம் இருக்கு? நம்ம பிள்ளைகள் எங்கே குளிக்கிறார்கள்?

5/
புதுக்கோட்டை மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேல் கம்மாய், குளம் உண்டு. மழையை மட்டுமே நம்பி இருந்த சீமை. நம்ம முன்னோர் மழைத் தண்ணியைப் பிடித்து வைக்க ஊருக்கு ஊர் வெட்டி வைத்தார்கள். அதோடு கிணறுகள், கல்குவாரிப் பள்ளங்கள், செம்மண் அள்ளிய குழிகள், கல்லணைக் கால்வாய், இப்போது புதிதாக வந்திருக்கும் பண்ணைக்குட்டைகள்.

இவை ஒவ்வொன்றும் ஒரு நீச்சல் குளம்தான். ஆழம் எழுதாத, கயிறு கட்டாத, காவல் இல்லாத நீச்சல் குளம்.

6/
தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி இந்தியாவில் ஆண்டுக்கு 30,000 பேருக்கு மேல் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். ஒரு நாளைக்கு 80 பேருக்கும் மேல். உலக அளவில் 2021இல் ஏறத்தாழ 3 லட்சம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பத்தில் ஒன்பது பங்கு நம்மைப் போன்ற ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். பணக்கார நாட்டிலும் தண்ணி இருக்கிறது. ஆனால் அங்கே தண்ணியைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது.

7/
சமீப வருடங்களில் தமிழ்நாட்டில் நடந்த மூன்று சம்பவங்களைப் பாருங்க. எல்லாம் செய்தித்தாளில் முதல் பக்கத்தில் வந்தவை.

2022 ஜூன் 5. கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் பக்கம் குச்சிப்பாளையம். கெடிலம் ஆற்றில் தடுப்பணைப் பகுதியில் குளிக்கப் போன 7 பேர் இறந்தார்கள். எல்லோரும் சிறுமிகள், இளம்பெண்கள்.

2023 பிப்ரவரி 15. நம்ம மாவட்டம்தான். விராலிமலை பக்கம் பிலிப்பட்டி அரசுப் பள்ளி மாணவிகள் தொட்டியத்தில் கால்பந்துப் போட்டிக்குப் போனார்கள். விளையாடிவிட்டு மாயனூர் கதவணை பார்க்கப் போனவர்கள் காவிரியில் இறங்கினார்கள். 4 பேர் திரும்பவில்லை.

2023 ஏப்ரல் 5. சென்னை மூவரசம்பட்டு. கோவில் தீர்த்தவாரிக்குக் குளத்தில் இறங்கிய இளைஞர்கள் 5 பேர் பலி. பக்தர்கள் கூட்டம் சுற்றி நிற்கும்போதே.

8/
ஆறு, தடுப்பணை, கோவில் குளம். ஊர் வேறு, வயசு வேறு. ஆனால் மூன்றிலும் நடந்தது ஒன்றே. ஒருவர் ஆழத்தில் சிக்குகிறார். பக்கத்தில் நிற்பவர் கை கொடுக்கப் போகிறார். அவரும் போகிறார். அவரைக் காப்பாற்ற அடுத்தவர்.

ஒரே இடத்தில் நாலு பேர், அஞ்சு பேர், ஏழு பேர் என்று செய்தி வந்தால் பெரும்பாலும் இதுதான் கதை. முதல் ஆளைத் தண்ணி கொன்றது. மற்றவர்களைக் கொன்றது பாசமும் பதற்றமும். அவர்களைக் குறை சொல்லவே மாட்டேன். கூடப் பிறந்தது கண்ணு முன்னாடி முழுகும்போது யாரால் கரையில் நிற்க முடியும்? ஆனால் என்ன செய்யணும்னு யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லையே, அதைத்தான் கேட்கிறேன்.

9/
என்ன செய்யணும்? அதற்கும் நம்ம தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு.

2020 ஆகஸ்ட். பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கம். குளிக்க வந்த இளைஞர்கள் 4 பேர் ஆழத்தில் சிக்கினார்கள். அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த மூன்று பெண்கள், கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசினார்கள். 2 பேர் அதைப் பிடித்துக் கரையேறினார்கள். மற்ற 2 பேரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பெண்களுக்கு அந்த வருடம் அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது.

உலகம் முழுக்க உயிர்காப்புப் பயிற்சியில் முதல் பாடம் என்ன தெரியுமா? நீட்டு, வீசு, நீந்தத் தெரிந்தாலும் உடனே குதிக்காதே. அந்த அக்காக்கள் எந்த வகுப்புக்கும் போகாமல் அதைச் செய்தார்கள். சேலை, வேட்டி, துண்டு, மூங்கில், மாட்டுக் கயிறு, மூடி இறுக்கிய காலி வாட்டர் கேன், லாரி ட்யூப், எது கையில் கிடைக்கிறதோ அது. மூடிய 20 லிட்டர் காலி கேன் ஒரு ஆளைத் தலை மூழ்காமல் தாங்கும்.

10/
இப்போது அந்த ஆலோசகரை நம்ம கம்மாய்க்குக் கூட்டி வருவோம். முதலில் எதைப் பார்ப்பார்? ஆழத்தை.

"நாங்கள்லாம் இதே கம்மாயில குதிச்சு வளர்ந்தவங்கதான் டாக்டர்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மை. ஆனால் நீங்கள் குதித்த கம்மாய் இப்போது அங்கே இல்லை ஐயா. அப்போது கரையிலிருந்து சரிவாக இறங்கும். முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று ஆழம் சொல்லிச் சொல்லி வரும். இன்று ஜேசிபி விட்டு வண்டல் அள்ளிய இடத்தில் இடுப்பளவு தண்ணிக்கு அடுத்த அடியில் பத்தடிப் பள்ளம். மழை பெய்து நிறைந்ததும் எல்லாம் ஒரே மட்டமாகத் தெரியும். ஊர்க்காரனுக்கே எங்கே பள்ளம் என்று தெரியாது. லீவுக்குப் பாட்டி வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

தூர் வாருவது தப்பில்லை. வேண்டிய வேலைதான். ஆனால் அள்ளும்போது ஒரு பக்கமாவது சரிவு விட்டு அள்ளணும். பள்ளம் எங்கே என்று தண்ணி வருவதற்கு முன்னால் கம்பு நட்டு, கொடி கட்டி வைக்கணும். நீச்சல் குளத்துச் சுவரில் "5 அடி" என்று எழுதுவதற்குப் பதிலாக நம்ம ஊரில் ஒரு சிவப்புத் துணி. செலவு என்ன பெரிய செலவு?

11/
இரண்டாவது, ஏறும் வழி.

பண்ணைக்குட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். தண்ணி இறங்காமல் இருக்கக் கறுப்புப் பிளாஸ்டிக் தாள் விரித்திருப்பார்கள். அதில் பாசி பிடித்துவிட்டால் பெரிய ஆளே ஏற முடியாது. நாலு பக்கமும் வழுக்கும். நீச்சல் தெரிந்தவனும் கரைக்கு வந்து, ஏற முடியாமல், களைத்து உள்ளே போவான். கல்குவாரியும் அப்படியே. செங்குத்துப் பாறை, பிடிமானம் கிடையாது, எட்டிப் பார்த்தால் பச்சைத் தண்ணி.

குட்டை வைத்திருக்கும் விவசாயிகளுக்கு ஒரு வேண்டுகோள். நாலு மூலையிலும் முடிச்சுப் போட்ட கயிறு, இல்லை பழைய டயர்களைக் கோத்து உள்ளே தொங்க விடுங்க. சுற்றி முள்வேலி போடுங்க. உங்க ஆடு மாடு விழுந்தாலும் அதே வழியில்தான் ஏறணும்.

12/
மூன்றாவது, மடை.

2002இல் அமெரிக்காவில் ஏழு வயசுப் பெண் குழந்தை ஒன்று, தொட்டியின் அடியில் தண்ணி வெளியேறும் ஓட்டையின் இழுவிசையில் ஒட்டிக்கொண்டு, இழுத்தும் வர முடியாமல் இறந்தது. அதற்குப் பிறகு 2007இல் ஒரு சட்டமே வந்தது: பொது நீச்சல் குளங்களில் பாதுகாப்பான மூடி கட்டாயம்.

நம்ம கம்மாய் மடையும் அதே ஓட்டைதான், இன்னும் பெரிசு. பாசனத்துக்கு மடை திறந்திருக்கும்போது அந்தப் பக்கம் இறங்கினால் மேலே அமைதியாகத் தெரிகிற தண்ணி அடியில் இழுக்கும். முன்பெல்லாம் ஊருக்கு ஊர் நீர்ப்பாய்ச்சி இருந்தார். எந்த மடை எப்போது திறப்பது, எங்கே எவ்வளவு தண்ணி நிற்கிறது என்பதெல்லாம் அவர் தலையில் இருந்தது. "ஏய், மடைப்பக்கம் போகாதீங்கடா" என்று அதட்டவும் அவருக்கு உரிமை இருந்தது. யோசித்துப் பார்த்தால் அவர்தான் நம்ம ஊர் சேஃப்டி கன்சல்டன்ட். போர்வெல் வந்தது, அவர் வேலை போனது. அவரோடு அந்தக் கண்காணிப்பும் போனது.

13/
நான்காவது, பார்த்துக்கொள்ளும் கண்.

சினிமாவில் மூழ்குகிறவர் "காப்பாத்துங்க" என்று கத்துவார், கையை ஆட்டுவார். நிஜத்தில் பெரும்பாலும் அப்படி நடக்காது. கத்த மூச்சு வேண்டும். மூச்சு விடவே வாய் தண்ணிக்கு மேலே வராதபோது எங்கே கத்துவது? தலை பின்னால் சாயும், வாய் தண்ணி மட்டத்தில் மேலும் கீழும் போகும், கை பக்கவாட்டில் தண்ணியை அமுக்கும். பார்க்கிறவருக்கு விளையாடுகிற மாதிரியே இருக்கும். ஒரு நிமிஷத்துக்குள் உள்ளே போய்விடுவார்கள்.

அதனால் கரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டு "சத்தம் கேட்டாப் பாத்துக்கலாம்" என்பது நடக்காத காரியம். பிள்ளைகள் தண்ணியில் இருக்கும்போது நீச்சல் தெரிந்த ஒரு பெரியவர் தண்ணியை மட்டும் பார்க்கணும். போன் பாக்கெட்டில். அவர் அன்று குடித்திருக்கக் கூடாது.

14/
ஐந்தாவது, கரைக்குக் கொண்டு வந்தபின். இதில்தான் நாம் பல உயிர்களைக் கைநழுவ விடுகிறோம். கவனமாப் படிங்க.

செய்யக் கூடாதவை:
தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீங்க.
வயிற்றை அமுக்கித் தண்ணி எடுக்காதீங்க. வயிற்றில் இருப்பது வாந்தியாக வந்து நுரையீரலுக்குள் போய்விடும்.
வாட்ஸ்அப்பில் சுற்றும் "உப்பு மூட்டையில் புதைத்தால் பிழைப்பார்" என்பது சுத்தப் பொய். அதை நம்பி மணிக்கணக்கில் உப்புக்குள் வைத்த கொடுமை எல்லாம் இந்த நாட்டில் நடந்திருக்கிறது.
வாயில் வரும் நுரையைத் துடைத்துத் துடைத்து நேரத்தை வீணாக்காதீங்க.

15/
செய்ய வேண்டியவை:
தோளைத் தட்டிக் கூப்பிடுங்க. அசைவில்லை, சரியான மூச்சில்லை என்றால் ஒருவர் 108க்குப் போன் போடட்டும். இன்னொருவர் ஆரம்பிக்கணும்.

மல்லாக்கப் படுக்க வைத்து, நெற்றியில் ஒரு கை, தாடையில் ஒரு கை வைத்துத் தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து ஊதுங்க. நெஞ்சு மேலே எழும்பணும். முதலில் 5 முறை.

பிறகு நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் கோத்து வைத்து 30 முறை அழுத்துங்க. பெரியவர்களுக்கு இரண்டு அங்குலம் உள்ளே போகணும். நிமிஷத்துக்கு 100 முதல் 120 என்ற வேகம். மறுபடி 2 மூச்சு. 30க்கு 2, 30க்கு 2. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீங்க. களைத்தால் ஆள் மாற்றிக்கொள்ளுங்க.

மாரடைப்பில் நெஞ்சை அழுத்துவது மட்டும் போதும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மூழ்கியவருக்கு அது போதாது. அவர் இதயம் நின்றதே மூச்சு கிடைக்காமல்தான். அதனால் மூச்சு கொடுப்பது முக்கியம்.

16/
ஏன் அங்கேயே செய்யணும்? மூச்சும் ரத்த ஓட்டமும் நின்றால் நாலு முதல் ஆறு நிமிஷத்தில் மூளை சாக ஆரம்பிக்கும். 108 எவ்வளவு வேகமாக வந்தாலும் கம்மாய்க் கரைக்கு நாலு நிமிஷத்தில் வர முடியாது. பைக்கில் நடுவில் உட்கார வைத்துத் தூக்கி வந்தால் வழி முழுக்க மூச்சில்லை. மருத்துவமனையில் எந்த மருந்து இருந்தாலும், எந்த ஸ்பெஷலிஸ்ட் இருந்தாலும், கரையில் போன அந்த நிமிஷங்களைத் திருப்பித் தர முடியாது.

இன்னொன்று. தண்ணியில் மூச்சு முட்டி, எடுத்தபின் நன்றாகப் பேசுகிறார் என்றாலும் இருமலோ மூச்சிரைப்போ இருந்தால் மருத்துவமனைக்குக் கூட்டி வாங்க. நுரையீரலுக்குள் போன தண்ணி சில மணி நேரம் கழித்தும் தொந்தரவு கொடுக்கலாம். சில மணி நேரம் கண்காணிப்பில் வைத்துத்தான் அனுப்புவோம்.

17/
இரண்டு பேரைத் தனியாகக் குறிப்பிடணும்.

ஒன்று, வலிப்பு நோய் உள்ளவர்கள். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் தனியாகக் குளம், கிணறு பக்கம் போகக் கூடாது. நீச்சல் எவ்வளவு தெரிந்தாலும் வலிப்பு வந்தால் பயனில்லை. வெட்கப்படாமல் கூட வருபவரிடம் சொல்லிவிட்டுப் போங்க.

இரண்டு, நடக்கப் பழகிய குழந்தைகள். இவர்களுக்குக் கம்மாய் தேவையில்லை. வாளி, அண்டா, பம்புசெட் தொட்டி, வாசலில் மாட்டுக்கு வைத்த தண்ணித் தொட்டி போதும். இந்த வயசில் தலை கனம். குனிந்து எட்டிப் பார்த்தால் தலைகுப்புற விழும், எழத் தெரியாது. தண்ணி வைத்தால் மூடுங்க, இல்லை கவிழ்த்து வைங்க.

18/
"எல்லாம் சரி டாக்டர், பேசாமக் குளிக்கத் தடை போட்டுட்டா முடிஞ்சுதே" என்பார்கள். ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் அதுதான் நடக்கிறது. "இங்கு குளிக்காதீர்கள். மீறினால் நாங்கள் பொறுப்பல்ல" என்று ஒரு போர்டு.

அந்தப் போர்டு யாரைக் காப்பாற்றுகிறது? போர்டு வைத்தவரை மட்டும். 40 டிகிரி வெயிலில் பத்து வயசுப் பையனிடம் தண்ணி இருக்கிற ஊரில் குளிக்காதே என்றால் கேட்பானா? ஆள் பார்க்கிற இடத்தை விட்டுவிட்டு ஆள் பார்க்காத இடத்துக்குப் போவான். குவாரிக்குப் போவான். பெரியவர்கள் கண்ணில் படாமல் போவான். தடை போட்டு நாமே பிள்ளைகளை ஆபத்தான தண்ணிக்கு அனுப்புகிறோம் என்பது என் கருத்து.

குவாரிக்கும் மடைக்கும் தடை போடுங்க, சரி. கூடவே "இங்கே குளிக்கலாம்" என்று ஊருக்கு ஒரு இடத்தைக் காட்டுங்க.

19/
இதெல்லாம் பணக்கார நாட்டுப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். பங்களாதேஷைப் பாருங்க. வீட்டைச் சுற்றிலும் குளம் உள்ள நாடு. குழந்தைகள் மூழ்கிச் சாவது அங்கே பெரும் பிரச்சினை. அவர்கள் இரண்டு காரியம் செய்தார்கள்.

அம்மாக்கள் வேலையாக இருக்கும் காலை நேரத்தில் சின்னக் குழந்தைகளை ஒரு பொது இடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அப்படி வந்த குழந்தைகளிடையே மூழ்கிச் சாவது 80 சதவீதம் அளவுக்குக் குறைந்தது என்று ஆய்வுகள் காட்டின. நம்மிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. பெயர் அங்கன்வாடி. சத்துமாவுக்கும் முட்டைக்கும் மட்டும் அல்ல, உயிருக்கும் காவல் அது. பிள்ளையைத் தினமும் அனுப்புங்க.

இரண்டாவது, பள்ளி வயசுப் பிள்ளைகளுக்கு நீச்சல். அதற்கு நீச்சல் குளம் கட்டவில்லை. ஊர்க் குளத்திலேயே மூங்கிலால் மேடையும் தடுப்பும் கட்டி, அதற்குள் சொல்லிக் கொடுத்தார்கள். மூங்கில் நம்ம ஊரில் கிடைக்காதா? சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி நீச்சல் பழகின ஊர் இது. ஆறு வயசுக்கு மேல் எல்லாப் பிள்ளைக்கும் நீச்சல் தெரியணும், பெண் பிள்ளைக்கும். குச்சிப்பாளையத்திலும் மாயனூரிலும் போன 11 பேரும் பெண் பிள்ளைகள் என்பதைத் திரும்ப ஒருமுறை நினைத்துப் பாருங்க. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு நீச்சல்" என்று இனிமேல் யாரும் கேட்கக் கூடாது.

மாவட்டத் தலைநகரில் கோடைகால நீச்சல் வகுப்பு நடக்கும். பணமும் பஸ்ஸும் உள்ளவர்கள் போகலாம். தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில் கிடக்கிற கந்தர்வக்கோட்டை ஒன்றியத்துப் பிள்ளைகள் தினமும் போய் வர முடியுமா? தண்ணி இருக்கிற இடத்துக்கு வகுப்பு வரணும்.

20/
அப்போ யார் அந்த ஆலோசகர்? லட்சங்களில் சம்பளம் கொடுத்து யாரையும் கூட்டி வரத் தேவையில்லை. ஊரில் நீச்சல் தெரிந்த ஒரு பெரியவர், பள்ளி உடற்கல்வி ஆசிரியர், கிராம சுகாதார செவிலியர், நூறு நாள் வேலையில் கம்மாயை அங்குலம் அங்குலமாகத் தெரிந்து வைத்திருக்கும் ஒரு அக்கா, பக்கத்துத் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒருவர். இந்த ஐந்து பேர் கோடைக்கு முன்னால் ஒரு நாள் காலையில் ஊர்த் தண்ணி எல்லாவற்றையும் நடந்து பார்க்கணும். மழைக்குப் பிறகு இன்னொரு நாள். டேப், நோட்டு, பேனா. அந்த ஆலோசகர் கேட்கிற அதே கேள்விகள்.

21/
மே 1 தொழிலாளர் தினத்தன்று கிராம சபை கூடும். எழுந்து நின்று பேச உங்களுக்கு உரிமை உண்டு. அப்படியே எடுத்துக் கொடுக்கத் தீர்மான வாசகம் கீழே. காப்பி பண்ணிக்குங்க.

"எங்கள் ஊராட்சியில் உள்ள கண்மாய், குளம், கிணறு, குவாரிப் பள்ளம், பண்ணைக்குட்டை அனைத்தையும் ஆண்டுக்கு இருமுறை பாதுகாப்பு ஆய்வு செய்ய ஐவர் குழு அமைக்க வேண்டும்.
குளிப்பதற்கு ஒரு பாதுகாப்பான துறையைத் தேர்ந்து, சரிவு அமைத்து, ஆழம் கூடும் இடத்தில் கயிறும் மிதவையும் கட்ட வேண்டும்.
ஒவ்வொரு நீர்நிலைக் கரையிலும் மூடிய காலி கேன் கட்டிய 20 மீட்டர் கயிறும் நீண்ட மூங்கிலும் நிரந்தரமாக வைக்க வேண்டும்.
கைவிடப்பட்ட குவாரிப் பள்ளங்களுக்கு வேலி அமைக்க மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.
வண்டல், கிராவல் எடுக்க அனுமதிக்கும்போது சரிவு விடுவதை நிபந்தனையாக்க வேண்டும்.
கோடை விடுமுறையில் சிபிஆர் பயிற்சியும் நீச்சல் பயிற்சியும் நடத்த வேண்டும்."

சிபிஆர் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டுமா? பக்கத்து அரசு மருத்துவமனையில், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்க. எங்க பக்கத்து ஊர் என்றால் நானே வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை, கம்மாய்க் கரை, ஒரு தலையணை போதும்.

22/
கடைசியாக ஒன்று. 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் ஒரு குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. ஏறத்தாழ 80 மணி நேரம் தமிழ்நாடே தூங்காமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. மீட்க முடியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஊர் ஊராக மூடாத போர்வெல்களைத் தேடித் தேடி மூடினார்கள். கலெக்டர் முதல் ஊராட்சி கிளார்க் வரை ஓடினார்கள். மனசு வைத்தால் இந்த அரசு இயந்திரத்தால் முடியும் என்று அன்று பார்த்தோம்.

கம்மாயில் மூழ்கும் குழந்தைக்கு 80 மணி நேரம் கிடைக்காது. கேமரா வராது. ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். மறுநாள் பேப்பரில் உள்பக்கத்தில் நாலு வரி. அதனால்தான் அந்த ஓட்டம் இதற்கு நடக்கவில்லை என்று நினைக்கிறேன். நாம்தான் கேட்டு வாங்கணும்.

மே 1க்கு இன்னும் நாள் இருக்கு. தீர்மான வாசகத்தை எடுத்து வைங்க. காலி கேனும் கயிறும் நாளைக்கே கட்டலாம், அதற்கு எந்தத் தீர்மானமும் வேண்டாம்.


அரசு மருத்துவர், கந்தர்வக்கோட்டை